முந்துதலும் முடக்குதலும்

போட்டியில் இறங்கிய ஒருவர் தம் எதிராளிக்கு உதவலாமா? உதவினால் அது பெருந்தன்மையா, பேதைமையா? பள்ளித் தேர்விலிருந்து கடைத்தெரு வரை வாழ்வே போட்டியாகிவிட்ட இக்காலத்தில், இக்கேள்வியை ஒவ்வொரு குடும்பமும் என்றேனும் ஒரு நாள் சந்தித்தே தீர வேண்டியிருக்கிறது. விடை தேடுமுன், 1930ஆம் ஆண்டில் நடந்த ஒரு விமானப் பயணத்தை எண்ணிப் பார்ப்போம்.

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தன்னந்தனியாக விமானம் ஓட்டி முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசளிப்பதாக மூன்றாம் ஆகா கான் அறிவித்திருந்தார். குறித்த காலத்துக்குள் பயணம் முடிய வேண்டும் என்பது நிபந்தனை. மன்மோகன் சிங் என்பவர் பயணத்தை முடித்தும், காலம் கடந்தமையால் பரிசை இழந்தார். எஞ்சியவர் இருவர். ஒருவர் ஆஸ்பி எஞ்சினியர். பதினேழு வயது இளைஞர். ஏப்ரல் 25ஆம் நாள் இங்கிலாந்திலிருந்து கராச்சியை நோக்கிப் புறப்பட்டார். மற்றவர் ஜே. ஆர். டி. டாட்டா; 1929 பிப்ரவரியில்தான் விமானி உரிமம் பெற்றவர். மே 3ஆம் நாள் கராச்சியிலிருந்து எதிர்த்திசையில் கிளம்பினார்.

அவர்கள் ஓட்டிய ‘ஜிப்ஸி மாத்’ விமானத்துக்கு ஒரே எஞ்சின். விமானி அமருமிடத்துக்கு மேற்கூரை இல்லை. வானொலித் தொடர்பும் இல்லை. இன்று லாஸ்பேட்டை நிலையத்திலிருந்து எழும்பும் ஒரு சிறு விமானத்துக்கு வில்லியனூரும் பாகூரும் சில நிமிடத் தொலைவுதான். தனியார் விமானி உரிமம் வேண்டுவோர் 150 கடல் மைலுக்குக் குறையாத ஒரு பயணத்தைத் துணையின்றி, இரு வேறு நிலையங்களில் இறங்கி, முடித்துக் காட்ட வேண்டும் என்பது இன்றைய விதி. அதற்கே புது விமானியின் நெஞ்சு படபடக்கும். அவ்விருவரோ பாலையையும் கடலையும் கடந்து ஆயிரக்கணக்கான மைல்களைத் தாண்டத் துணிந்தவர்கள்.

எகிப்தில், அலெக்சாந்திரியாவுக்கு அருகே அபூகீரில் டாட்டா இறங்கியபோது, ஆஸ்பி அங்கே மேற்கொண்டு செல்ல வழியின்றித் தவித்துக்கொண்டிருந்தார். எஞ்சினின் ஸ்பார்க் பிளக் பழுதாகிவிட்டது. பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கும் பொறி அதிலிருந்துதான் பிறக்கும். கையளவுகூட இல்லாத அப்பொருள் கெட்டால் விமானம் தரையிலேயே நிற்க வேண்டியதுதான். மாற்று பிளக் ஆஸ்பியிடம் இல்லை, டாட்டாவிடம் இருந்தது. அவர் கொடுத்தார். கடல் கடக்கப் போகும் டாட்டாவுக்குத் தம் மிதவைச் சட்டையைக் கொடுத்து ஆஸ்பி நன்றி பாராட்டினார். இருவரும் தத்தம் திசையில் பறந்தனர். மே 11ஆம் நாள் ஆஸ்பி கராச்சி வந்து சேர்ந்தார். பரிசு அவருக்கே கிடைத்தது. டாட்டா சிறு கால வித்தியாசத்தில் தோற்றார்.

உதவியவரே வென்றார் என்று இது முடிந்திருந்தால் குழந்தைகளுக்குச் சொல்லும் கதையாகிப் போயிருக்கும். உதவியவர் தோற்றார் என்பதால்தான் இது நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். நெடும்பயணத்துக்கு மாற்றுப் பொருள் எடுத்துச் செல்வதும் விமானியின் திறமையில் சேர்ந்ததுதானே? முன்யோசனை இல்லாதவருக்கு உதவுவது, முன்யோசனை உள்ளவருக்கு அநீதி அன்றோ? நியாயமான மறுப்புதான். நடுவராக நிற்பவர் அப்படிக் கணக்கிடலாம், கணக்கிடவும் வேண்டும். ஆனால் டாட்டா அங்கே நடுவர் அல்லர். அந்நிய மண்ணில் வழியற்று நிற்கும் ஓர் இளைஞனின் முன்னே, உதவக்கூடிய பொருளைப் பையில் வைத்துக்கொண்டு நின்ற மனிதர் அவர். பிறர் குறையை அளப்பது நடுவரின் கடமை. அதை நிறைப்பது அருகில் நிற்பவரின் கடமை. இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளும்போதுதான் கல்நெஞ்சம் நீதியின் வேடம் பூண்டு வருகிறது.

நன்மைகளில் ஒருவரையொருவர் முந்திக்கொள்ளுமாறு திருமறை நம்மைப் பணிக்கிறது. எனவே போட்டி நமக்கு விலக்கப்பட்டதன்று. ஆயினும் நம் அறிஞர்கள் இரண்டு மனநிலைகளைப் பிரித்துக் காட்டினார்கள். பிறருக்குக் கிடைத்த நலம் அழிய வேண்டும் என்று விரும்புவது ஹஸத். அது உள்ளத்தின் நோய். அவர் நலம் அவரிடமே இருக்க, அதுபோன்றது தனக்கும் வேண்டுமென்று விழைவது கிப்தா, அது குற்றமன்று. இமாம் கஸ்ஸாலி அவர்கள் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார்கள்.

“சுவர்க்கத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை, மருத்துவக் கல்லூரியிலோ இடங்கள் எண்ணப்பட்டவை அல்லவா?” என்று கேட்கலாம். உண்மைதான். சுல்தான்பேட்டையில் ஒரு வீட்டில் மகள் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சலால் ஒரு வாரம் வகுப்புக்கு வராத தோழி குறிப்பேட்டைக் கேட்கிறாள். “கொடுக்காதே” என்று சொல்லத் துடிக்கும் நாவை அடக்கும் பெற்றோர் எத்தனை பேர்? தோழியைவிட நன்றாகப் படித்து இடம் பெற விரும்புவது முந்துதல். அவளுடைய காய்ச்சலைத் தனக்குத் துணையாக்கிக்கொள்ள விரும்புவது முடக்குதல். அவ்விதம் பெற்ற வெற்றியில் நம் மகளின் அறிவு எவ்வளவு, காய்ச்சலின் பங்கு எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது?

பாகூர் உழவர்களுக்கு இது புதிய பாடமன்று. பெண்ணையாற்று நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கு வருகிறது. ஏரிப் பாசனத்தில் தலைமடைக்காரர் உழைத்து நாலு மூட்டை அதிகம் கண்டால் ஊர் மெச்சும். இரவில் மடையை அடைத்துக் கடைமடையைக் காயவிட்டு அதே நாலு மூட்டையைக் கண்டால், ஊர் அதை விளைச்சல் என்று சொல்லாது.

தன்னிடம் உள்ள ஒரே பிளக்கையும் கழற்றிக் கொடு என்று மார்க்கம் எவரையும் வற்புறுத்தவில்லை. மிகுதியாக இருந்தும் மறைப்பதே கேள்விக்குரியது. டாட்டா கொடுத்துவிட்டு நின்றுவிடவில்லை, வெல்லவே பறந்தார். 1932இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தைத் தாமே ஓட்டி வந்து இந்திய விமானப் போக்குவரத்துக்கு வித்திட்டார். ஆஸ்பியோ 1960 முதல் 1964 வரை இந்திய விமானப்படையின் தளபதியாக விளங்கினார்.

ஆனால் அபூகீரில் பையைத் திறந்த கணத்தில் இவற்றுள் எதுவும் டாட்டாவுக்குத் தெரியாது. கொடுத்தால் தோற்கக்கூடும் என்பது மட்டுமே தெரியும். நம் பிள்ளைகள் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நம் முகத்தைப் பார்க்கும் கணமும் அத்தகையதே. அக்கணத்தில் நல்லதைச் சொல்லும் நாவை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக!