மீந்த மருந்தைக் கொடுப்பது தர்மமாகுமா?

 

பக்கத்து வீட்டுப் பெண் வந்து கேட்கிறார்: "மாமி, பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்குது, ஏதாவது மருந்து இருக்கா?" போன மாதம் உங்கள் பேரனுக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப் பாதி மீதமிருக்கிறது. எடுத்துக் கொடுக்கிறீர்கள். உங்கள் நிய்யத் தூய்மையானது. ஆனால் அது தர்மமாகுமா?

சிந்தித்துப் பாருங்கள். தூளில் தண்ணீர் கலந்து தயாரிக்கும் சிரப்பைப் பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். சளிக் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதைக் குணப்படுத்தாது. அளவோ உங்கள் பேரனின் எடையைப் பார்த்து எழுதியது. அந்தப் பிள்ளைக்குப் பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்தால், விளையும் தீங்குக்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு நபிமொழி பதிவாகியுள்ளது. நல்ல நிய்யத் நன்மையைப் பெற்றுத் தரும்; இல்லாத அறிவைப் பெற்றுத் தராது.

அப்படியானால் வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதா? இல்லை. ஆட்டோ பிடித்து டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். முடிந்தால் மருந்துச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். நமக்குத் தேவையில்லாததைக் கொடுப்பது எளிது; நேரத்தையும் பணத்தையும் கொடுப்பதுதான் கடினம்.

சகோதரர்களே! மருந்து ஓர் அமானிதம். ஓர் உயிருக்கு நிவாரணமானது இன்னோர் உயிருக்கு நஞ்சாகலாம். மாடுகளின் வலிக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக், அந்த மாடுகளின் உடலைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது. பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2006ஆம் ஆண்டு இந்தியா கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. கொடுத்தவர்களின் நோக்கம் கருணைதான். விளைவை அவர்கள் அறிந்திருக்கவில்லை. நாமோ அறிந்திருக்கிறோம்.

எனவே மருந்தை அடுப்பருகிலோ குளியலறையிலோ வைக்காதீர்கள். வெப்பமும் ஈரமும் அதைக் கெடுக்கும். பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். "மிட்டாய்" என்று சொல்லி மாத்திரை கொடுக்காதீர்கள். காலாவதித் தேதி இருக்கும் பகுதியைக் கடைசிவரை வெட்டாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள். மிச்சம் விழுவதே பெரும்பாலும் அதனால்தான்.

காலாவதியானதைச் சாக்கடையிலோ தெருவிலோ வீசாதீர்கள். திரும்பப் பெறும் மருந்துக்கடை இருந்தால் அங்கே கொடுங்கள். இல்லையென்றால் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய தேயிலைத் தூளோடு கலந்து, பையில் இறுகக் கட்டிக் குப்பையில் சேருங்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளை என்று கற்ற சமுதாயம் நாம். நாமே தொல்லையைப் போடலாமா?

இன்று அஸருக்கு முன் உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். அறிவோடு உதவும் அடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.