குளத்து நீரும் கணித ஏடும்

உன்னிச்சைக் குளத்து நீர் வாய்க்கால் வழியே வயலுக்கு இறங்கும் காலத்தில் எழும் முதற் கேள்வி, யாருக்கு முன்னே, யாருக்குப் பின்னே என்பதாகும். மேல்வயற்காரன் தன் கடவானைத் திறந்தே வைத்திருந்தால் கடைக்கோடி வயல் காய்ந்து போகும். ஆகவே முறைவைத்துப் பாய்ச்சுகிறோம். வட்டவிதானையார் சொல்லுக்குப் போடியாரும் கட்டுப்பட வேண்டுமென்கிறோம். நீர் குறைகின்ற பொருள். அங்கே பங்கீடு நியாயம்.

ஆனால், கணிதத் தேற்றம் குறைகின்ற பொருளா? ஒருவன் கற்றுக்கொண்டதால் மற்றவனுக்கு ஒரு துளியும் குறைவதில்லை. அப்படியிருந்தும் ஆராய்ச்சிச் சஞ்சிகைகளுக்குக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். ஆராய்ந்தவனுக்குச் சம்பளம் தந்தது பெரும்பாலும் மக்களின் வரிப்பணம். நிறுவலைச் சரிபார்க்கும் அறிஞர் கூலி கேட்பதில்லை. சாவி மட்டும் வெளியீட்டு நிறுவனத்தின் இடுப்பில் தொங்குகிறது! இதைச் சகியாத கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் திமதி கவர்ஸ், 2012இல் எல்செவியர் நிறுவனத்தைப் பகிஷ்கரிப்பதாக அறிவித்தார். ஆயிரக்கணக்கான அறிஞர்கள் அவரைப் பின்தொடர்ந்தனர்.

இப்போது சில நிறுவனங்கள் வேறொரு வழி கண்டிருக்கின்றன. படிப்பவனுக்கு இலவசம், எழுதுபவன் ஈராயிரம், மூவாயிரம் டொலர் கட்டவேண்டும். இதுவும் 'திறந்த ஏடு' என்றே பெயர் பெறுகிறது. உன்னிச்சையிலிருந்து வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போகும் மாணவன் இதனால் உலகத்தின் கணிதத்தைப் படிக்கலாம். தானொன்று கண்டால் சொல்ல முடியாது. வறிய நாட்டவர் சலுகைக்கு விண்ணப்பிக்கலாமே என்பர். உரிமையாக வரவேண்டியதைக் கைகட்டி நின்று கேட்கச் சொல்வதை நாம் திறந்த கதவு என்று ஒப்புக்கொள்வதெப்படி? என்றென்றும் வாங்குபவனாகவே ஒருவனை நிறுத்தி வைப்பதும் ஒருவகை அடைப்புத்தான்.

இரு பக்கமும் திறந்த ஏடு கனவன்று. கே. இராமச்சந்திரா, ஆர். பாலசுப்பிரமணியன் என்னும் எண் கோட்பாட்டு அறிஞர் இருவர் 1978இல் 'ஹார்டி–ராமானுஜன் ஜேர்னல்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கினர். ஆண்டுக்கு ஒரு முறை, ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22ஆம் நாளை ஒட்டி வருவது. இன்று பிரெஞ்சுப் பொது ஆராய்ச்சி அமைப்புகளின் ஆதரவிலுள்ள எபிசயன்ஸ் வழியாக இணையத்தில் வெளியாகிறது. படிப்பவரிடமும் காசு கேட்பதில்லை, எழுதுபவரிடமும் கேட்பதில்லை. (ஆங்கிலம் என்னும் வேலி அதிலும் உண்டு, அது தனியே பேச வேண்டியது.)

நிற்க. இலவசமென்பது வானத்திலிருந்து விழுவதன்று; யாரோ ஒருவர் இரவில் கண்விழிக்கிறார். அத்தகைய சிலரின் பெருந்தன்மையை நம்பியே அறிவு வாழவேண்டுமென்பது நமக்கு உடன்பாடில்லை. குளக்கட்டைக் காப்பது எவருடைய தனித் தருமமும் அன்று. ஊரும் அரசும் சேர்ந்து செய்யும் வேலை. ஏட்டைக் காப்பதும் அப்படியே ஆகவேண்டும்.

இந்த எண்ணம் நம் மண்ணுக்குப் புதிதன்று. தனியொருவரால் வாங்க முடியாத அந்நிய நாட்டுக் கணித ஏடுகளைச் சந்தா சேர்த்து வாங்கி, உறுப்பினர் தமக்குள் மாற்றிப் படிப்பதற்காகவே வி. இராமசாமி ஐயர் 1907இல் ஒரு கழகத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் இந்தியக் கணிதக் கழகமாயிற்று. தனக்கென ஒரு சஞ்சிகையும் கண்டது. பெர்னூலி எண்களைப் பற்றிய ராமானுஜனின் முதற் கட்டுரையை 1911இல் அச்சிட்டது அந்தச் சஞ்சிகைதான். எழுதியவருக்கு அப்போது உத்தியோகமில்லை. இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் தந்த இருபத்தைந்து ரூபாயில் அவர் சென்னையில் காலந்தள்ளிக்கொண்டிருந்தார்.