போதும் என்னும் சொல்

மறைமலை நகருக்கு அருகே காட்டுப்பாக்கத்தில் ஒரு கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இறைச்சி முயல் வளர்ப்பும் அங்கே ஆராயப்படும் துறைகளுள் ஒன்று. எந்த முயல் விரைவில் சதை போடும் என்பது இத்துறையின் பழைய கேள்வி.

விடையில் ஒரு பகுதி 1997-இல் அமெரிக்காவில் கிடைத்தது. தசை வளர்ந்தது போதும் என்று உடலுக்குச் சொல்லும் புரதம் ஒன்று உண்டு, பெயர் மயோஸ்டாட்டின். அதை ஆக்கும் மரபணுவைச் சுண்டெலியில் செயலறச் செய்தார்கள். தசைகள் இரண்டு மூன்று மடங்கு பெருத்தன. 2016-இல் வெளியான சீன ஆய்வொன்றில் முயலிலும் அவ்வாறே செய்தார்கள். சதை மிகுந்தது, நாக்கும் தடித்தது, குட்டிகள் பல செத்தே பிறந்தன.

விஞ்ஞானத்தைக் குறை கூறுவதா? பெல்ஜிய நீல மாட்டில் இதே மரபணு தானாகவே பழுதுபட்டது. அந்தப் பழுதைப் பொறுக்கியெடுத்துப் பெருக்கியவர்கள் பண்ணைக்காரர்கள். இன்று அப்பசுக்களில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றைக் கீறித்தான் கன்றை எடுக்கிறார்கள். ஆகவே குற்றம் கருவியில் இல்லை.

ஏழைக்கு மலிவாகக் கறி கிடைக்குமே என்பார்கள். நல்லதுதான். முயலைத் தின்பது தகுமா என்பதும் வேறு வழக்கு. நான் கேட்பது சிறியது: கொல்வதற்கென்றே வளர்த்தாலும், அதுவரை அந்த உயிர் தானாகப் பிறந்து, தாய்ப்பால் குடித்து, தன் காலால் நடமாட வேண்டாமா? அதைக் கெடுத்துச் சேர்க்கும் ஒவ்வொரு ராத்தல் சதையும் அநியாய லாபம் என்றே எனக்குப் படுகிறது.