பனியாறு இருந்த இடம்

ஓரிடத்தைப் பற்றிய உண்மை காலத்தைக் கடந்து நிற்பதா, காலத்துக்கு உட்பட்டதா என்னும் வினாவை, அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையிலுள்ள கிளேசியர் விரிகுடாவின் வரைபடங்கள் கூர்மையாக்குகின்றன. 1794-இல் ஜார்ஜ் வான்கூவரின் குழுவைச் சேர்ந்த ஜோசப் விட்பி சிறுபடகுகளில் சென்று அக்கரையை அளந்தபோது, பனிச்சுவர் வழிமறித்து நின்றதால், கரையில் ஒரு சிறு குடைவை மட்டுமே அவரால் பதிய முடிந்தது. பனியாறு, அதாவது தன் எடையாலேயே மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள், பின்வாங்கப் பின்வாங்க, 1916-ஆம் ஆண்டளவில் அங்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடல் உட்புகுந்திருந்தது. அவ்விரு காலங்களின் வரைபடங்களும் ஒன்றையொன்று மறுக்கின்றன. ஆயினும் இரண்டும் பொய்யல்ல.

நிலத்தின் ஏற்ற இறக்கத்தைத் தாளில் காட்டுவது சம உயரக் கோடு, அதாவது கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரத்திலுள்ள புள்ளிகளை இணைக்கும் கோடு. ஆனால் பனியின் சுமை நீங்கிய இந்நிலம் சில பகுதிகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் மேலெழுவதால், பிழையின்றி வரைந்த கோடும் நாளடைவில் நிலத்தை விட்டு விலகிவிடுகிறது. எல்லாம் கணந்தோறும் அழிந்து தோன்றுகின்றன என்னும் பௌத்தரின் கணபங்கக் கொள்கைக்கு இது அரண் செய்வதாகத் தோன்றலாம். எனினும், பழைய கோடு அசையாமல் தாளில் நிற்பதனால்தான் நிலம் அசைந்தது அறியப்படுகிறது என்பதும் மறக்கத்தக்கதன்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் பனி முன்னேறி வந்து இங்கிருந்த தம் ஊர்களை விட்டு வெளியேற்றிய ஹூனா டிலிங்கிட் மக்களின் வழக்கு வேறொரு விடையைத் தருகிறது. விலக்கி வைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி, நாயைக் கூப்பிடுவதுபோல் பனியாற்றைக் கூப்பிட்டதால் அது வந்தது என்பது அவர்களின் மரபுக்கதை. அதன்படி பனி அளக்கப்படும் பொருள் மட்டுமன்று, சொல்லைக் கேட்கும் உயிர்ப்புடையதுமாகும். பனி வருவதற்கு முன் 'பனியாற்று வண்டலின் ஓரம்' என்னும் பொருளில் பெயர் பெற்றிருந்த அவ்விடம், பனி விலகியபின் 'பனியாறு இருந்த இடத்து விரிகுடா' என்னும் பொருளில் பெயர் பெற்றது.

இடம் மாறியபோது பெயரும் மாறியது. ஆனால் இழந்ததை மறைக்காமல், தன்னுள்ளேயே சுமந்துகொண்டு மாறியது. வரைபடம் தன் காலத்தை ஓரத்தில் ஆண்டாகக் குறிக்கிறது. இப்பெயரோ காலத்தையே பொருளாகக் கொண்டுள்ளது. ஆகவே நிலத்தைப் பற்றிய உண்மைக்குக் காலம் குறையன்று, அதன் ஓர் உறுப்பே எனக் கொள்வது பொருந்தும்.