பிரிக்காத பாக்கெட்

டேபிள் டென்னிஸ் ரப்பருக்கு முதுமை இரண்டு வழியில் வருகிறது. ஆடி ஆடித் தேய்வது ஒன்று. ஆடாமலே கெடுவது மற்றொன்று. ஆடித் தேய்ந்ததைப் பார்த்ததும் சொல்லிவிடலாம். பந்து படும் நடுப்பகுதி மங்கி வெளுத்திருக்கும், ஓரத்தில் பளபளப்பு மிச்சம் இருக்கும். சும்மா கிடந்து கெட்டது அப்படிக் காட்டிக்கொடுக்காது. நடுவும் ஓரமும் ஒன்றுபோல, கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கும். அதன்மேல் பந்தை அழுத்தி இழுத்தால்தான் தெரியும்: பிடிக்காது, வழுக்கும்.

*

பேட்டின் ஒரு பக்கத்தில் ஒட்டும் ரப்பர் என்பது மேலே மெல்லிய ரப்பர்த் தாள், அடியில் ஸ்பாஞ்ச். பசையும் சேர்த்து மொத்தம் 4 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது விதி. ஸ்பாஞ்சின் பலத்தை உலகம் கண்டுகொண்டது நம் நாட்டில்தான். 1952 பம்பாய் உலகப் போட்டிக்கு ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ கனத்த ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டுடன் வந்து, ஒற்றையர் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார். பந்து பட்ட சத்தமே எழாததால் எதிரில் நின்றவர்கள் திணறினார்கள். அந்த மென்மையும் துள்ளலும்தான் ஆட்டத்தை மாற்றின. காலம் முதலில் கை வைப்பதும் அவற்றின்மேல்தான்.

*

ரப்பர் என்பது நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். 1839-ல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி அந்தச் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போட்டார். ரப்பருக்கு இழுத்தால் திரும்பும் குணம் நிலைத்தது. காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஓசோனும் அந்தச் சங்கிலிகளை ஓயாமல் தாக்குகின்றன. வெப்பமும் வெளிச்சமும் அதற்குத் துணை. இயற்கை ரப்பரில் சங்கிலி அறுபடுவது அதிகம், அதனால் இளகிப் பிசுபிசுக்கும். சில செயற்கை ரப்பர்களில் புதுப் பாலங்கள் கூடிக்கொண்டே போகும், அதனால் இறுகி வெடிக்கும். பீரோவில் பழைய ரசீதுக் கட்டைச் சுற்றிய ரப்பர் பேண்டில் இரண்டையும் பார்க்கலாம். ஒன்று தாளோடு ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று தொட்டால் பொடிந்துவிடும்.

பாக்கெட்டைப் பிரிக்காமல் வைத்திருந்தால் இந்தச் சிதைவு நின்றுவிடாது. வேகம் குறையும், அவ்வளவுதான்.

*

சென்னைக்கு அருகே உள்ள மறைமலை நகர்க்காரர்களுக்கு ரப்பரின் வயது புதிய விஷயமில்லை. 2022 வரை ஃபோர்டு கார்கள் உருண்டு வெளிவந்த ஊர் இது. பக்கத்தில் ஒரகடத்தில் அப்பல்லோ டயர் தொழிற்சாலை. ஜி.எஸ்.டி. சாலையில் டயர் வாங்குகிறவர், விவரம் தெரிந்தவரானால், விலை கேட்பதற்கு முன் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைத் தேடுவார். 2419 என்றிருந்தால் 2019-ன் இருபத்து நான்காம் வாரத்தில் செய்தது. சாலையையே பார்க்காத டயருக்கும் வயது ஏறும் என்பதை அந்த வியாபாரம் ஒப்புக்கொண்டு எண்ணாகவே அச்சடித்துவிட்டது.

பேட் ரப்பர் பாக்கெட்டில் அப்படி யாரும் எளிதில் படிக்கும் தேதியைப் பார்ப்பது அரிது. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர், அது எத்தனை கோடையைக் கடந்து வந்தது என்று கேட்பதுமில்லை.

டயருக்கு இன்னொரு வசதியும் உண்டு. அதன் கலவையில் ஓசோனைத் தடுக்கும் மருந்தும் மெழுகும் சேர்ந்திருக்கின்றன. மெழுகு மெல்ல மேலே வந்து படலமாகப் படிந்து காக்கிறது. பேட் ரப்பர் அப்படி மெழுகு பூசிக்கொண்டால் பந்தைப் பிடிக்காது. பிடிப்பதுதான் அதன் வேலை. அதற்காகக் காற்றுக்குத் தன்னைத் திறந்தே வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

*

ரப்பர்ப் பொருள்களைச் சேமித்து வைப்பதற்கென்று ஐ.எஸ்.ஓ. 2230 என்ற சர்வதேச வழிகாட்டி இருக்கிறது. 25 டிகிரிக்குக் கீழான வெப்பம், இருட்டு, ஓசோன் உண்டாக்கும் மின்கருவிகள் இல்லாத இடம், இழுபடாமலும் மடங்காமலும் வைப்பது: அது கேட்பவை இவை. சென்னையின் ஆண்டுச் சராசரி வெப்பமே 28 டிகிரியை ஒட்டி இருக்கிறது. மார்கழி, தை தவிர மற்ற மாதங்களில் நம் வீட்டு அலமாரி அந்த வரம்புக்கு மேலேதான். கத்திரி வெயிலில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் கிடக்கும் பேட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேலே வெயில், கீழே என்ஜின். வேதிவினைகள் பத்து டிகிரி ஏற்றத்துக்குச் சுமார் இரட்டிப்பு வேகம் பிடிக்கும் என்பது பழைய கணக்கு.

ஃப்ரிட்ஜில் வைப்பவர்களும் உண்டு. வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரமெல்லாம் அதன்மேல் வியர்த்து நிற்கும். அதைவிட, ஆடி முடித்ததும் ஈர ஸ்பாஞ்சால் வியர்வையையும் தூசியையும் துடைத்து, உலர்ந்தபின் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, உறையில் போட்டு, வீட்டில் வெயில் படாத உள்ளறையில் வைத்தால் போதும். இதற்கு மேல் மனிதர் செய்ய அதிகமில்லை.

*

ஆட்ட விதியில் எனக்குப் பிடித்த ஒரு நியாயம் உண்டு. ரப்பருக்கு எந்த இயற்பியல் மாற்றமோ வேதியியல் மாற்றமோ செய்யக்கூடாது என்று அது கண்டிப்பாகச் சொல்கிறது. நீளப் பருக்கள் உள்ள ரப்பரை வேண்டுமென்றே வெயிலில் காயவைத்து வழவழப்பாக்குவது குற்றம். ஆனால் தற்செயலாகப் பட்ட சேதத்தாலோ பழகிய தேய்மானத்தாலோ பரப்பிலும் நிறத்திலும் வரும் சிறு மாறுதலை, ஆட்டத்தின் தன்மையை வெகுவாக மாற்றாதவரை, அனுமதிக்கலாம் என்கிறது. தானாக வந்த முதுமைக்கு மன்னிப்பு, தருவித்துக்கொண்ட முதுமைக்குத் தண்டனை.

*

வேதியியலை வென்று ஒரு ரப்பரைப் புத்தம் புதிதாகக் காப்பாற்றிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். 2000-ல் பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. 2008-ல், பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் முடிந்ததும், ஸ்பாஞ்சை உப்பவைத்து வேகம் கூட்டிய கரைப்பான் பசைகளுக்குத் தடை வந்தது. 2014-ல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் பந்து வந்தது. 1998-ல் வாங்கிப் பத்திரப்படுத்திய ரப்பர் எந்தப் பந்துக்காக, எந்தப் பசைக்காகச் செய்யப்பட்டதோ, அவை இரண்டும் இன்று மேஜையில் இல்லை. பொருள் மாறாமல் இருந்தாலும் அதற்குரிய ஆட்டம் கடந்து போய்விட்டது.

*

"ரப்பர் மாத்தலையாடா?"

"டிஸ்ட்ரிக்ட் மேட்ச் வரட்டும், சார்."

டேபிள் டென்னிஸ் வீரர்கள் சரத் கமலும் சத்தியனும் வளர்ந்த சென்னையைச் சுற்றியுள்ள பயிற்சிக் கூடங்களில் இந்தப் பேச்சு புதிதில்லை. அதில் ஏளனம் செய்ய ஒன்றுமில்லை. நல்ல ரப்பர் ஒரு பக்கத்துக்கே சில ஆயிரம் ரூபாய். வீட்டில் கேட்டு வாங்கிய பணம். நல்லதை நல்ல நாளுக்கு எடுத்துவைப்பது நம் வீடுகளின் பழக்கம். பட்டுப் புடவைக்கு அது சரி. ரப்பர் அந்த இனமில்லை. எடுத்துவைத்த மாதங்களை அது தன் கணக்கில் கழித்துக்கொள்கிறது. போட்டியன்று ஒட்டினால், கைக்குப் பழகாத ரப்பராகவும் இருக்கும், வயதான ரப்பராகவும் இருக்கும்.

*

ஆகவே என் கட்சி இது: ரப்பரை ஆடித்தான் தீர்க்க வேண்டும். இந்தப் பருவத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். தள்ளுபடிக்காக அடுக்கி வைக்காதீர்கள். வீட்டில் பிரிக்காத பாக்கெட் இருந்தால் இந்த வாரமே ஒட்டுங்கள். உங்களுக்குத் தேவையில்லை என்றால், பக்கத்துப் பயிற்சிக் கூடத்தில் நடுப்பகுதி வெளுத்த பேட்டோடு ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள், அடுத்த கோடைக்குள்.