வெல்ல வழியில்லாத போட்டி

வெல்ல வாய்ப்பே இல்லாதவர் போட்டியில் இறங்குவதற்குப் பொருள் உண்டா என்னும் கேள்வி, செயலின் மதிப்பு அதன் பலனில் இருக்கிறதா, செய்யும் முறையில் இருக்கிறதா என்ற மிகப் பழைய விவாதத்தின் ஒரு கிளை. இதை எண்ணிப் பார்க்க, 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் நடந்த ஒரு நீச்சல் சுற்று அரிய வாய்ப்பைத் தருகிறது.

எக்குவடோரியல் கினி நாட்டின் எரிக் முசாம்பானி நீந்தக் கற்று அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. தலைநகர் மலாபோவில் ஒரு ஹோட்டலின் சிறிய குளத்தில்தான் பயிற்சி. 50 மீட்டர் நீளக் குளத்தை சிட்னிக்கு வந்த பிறகே முதன்முதலாகப் பார்த்தார். விளையாட்டு வசதி குறைந்த நாடுகளுக்கான சிறப்பு ஏற்பாட்டின்படி, தகுதி நேரத்தை எட்டாமலேயே அவருக்கு இடம் கிடைத்தது. செப்டம்பர் 19 அன்று 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தகுதிச் சுற்றில் அவருடன் நின்ற நைஜர், தஜிகிஸ்தான் வீரர்கள் இருவரும் முன்கூட்டியே குதித்து நீக்கப்பட்டனர். முசாம்பானி தனியே நீந்தினார். பாதித் தூரம் சென்று திரும்பியதும் கைகால்கள் ஓய்ந்தன. கடைசி மீட்டர்களில் மூழ்கிவிடுவாரோ என்று பார்த்தவர்கள் அஞ்சினர். எடுத்துக்கொண்ட நேரம் 1 நிமிடம் 52.72 விநாடி. இறுதிப் போட்டியில் தங்கம் வென்ற பீட்டர் வான் டென் ஹூகன்பாண்டின் நேரம் 48.30 விநாடி.

ஏட்டின்படி அந்தச் சுற்றில் முதலிடம் முசாம்பானிக்கே. நேரத்தைப் பார்த்தாலோ அவருக்கு நெருங்கக்கூட வழியில்லை. வெற்றி, தோல்வி என்ற இரு சொற்களும் இங்கே ஒருசேரப் பொருளிழக்கின்றன. மிஞ்சுவது செயல் ஒன்றுதான்.

வெற்றியைவிடச் செயலை உயர்த்தும் ஒலிம்பிக்கின் புகழ்பெற்ற கொள்கையே ஒரு சமயச் சொற்பொழிவில் பிறந்தது. 1908இல் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் அமெரிக்க ஆயர் எத்தெல்பர்ட் டால்பட், பரிசைவிடப் பந்தயமே பெரிது என்று பேசினார். நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய கூபெர்த்தான் அக்கருத்தை எடுத்துப் பரப்பினார். பலரும் ஓடினாலும் பரிசு ஒருவருக்கே என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியது டால்பட்டின் பேச்சுக்கு அடிப்படை. பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் வரும் ஒரு சுலோகமோ பலனில் உரிமை இல்லை என்கிறது. ஆனால் அதே சுலோகம் செயலற்றிருப்பதில் பற்று வைப்பதையும் விலக்குகிறது. இந்தப் பின்பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பலனை விடுவது முயற்சியைத் தளர்த்துவதற்கான அனுமதி அன்று. பண்டைய ஸ்டோயிக் தத்துவவாதிகள் காட்டும் வில்லாளியும் இப்படித்தான்: குறிபார்ப்பதில் எதையும் மிச்சம் வைக்கமாட்டான், அம்பு தைப்பது அவன் கையில் இல்லை. முயலைத் தைத்த அம்பைவிட யானைக்குக் குறிவைத்துத் தவறிய வேலை உயர்த்தும் வள்ளுவர் இன்னும் ஒருபடி மேலே போகிறார். எவ்வளவு பெரிதை நோக்கி எறிந்தான் என்பதும் அவருடைய கணக்கில் சேர்கிறது.

ஆனால் பற்றற்ற தனிமனிதர் என்ற சித்திரத்துக்குள் முசாம்பானியை அடைத்துவிட முடியாது. அரங்கின் ஆரவாரமே தன்னைக் கரைசேர்த்தது என்று அவரே சொன்னார். முயற்சி ஒருவருடையதாயினும் அது முடிவதற்கு மற்றவர் துணை வேண்டியிருக்கிறது. செயலின் தத்துவம் பேசிய நூல்கள் இதற்கு இன்னும் அதிக இடம் தந்திருக்கலாம்.

எதிர்வாதமும் வலுவானது. ஒலிம்பிக் சிறந்தவர்களின் களம். ஆயத்தமில்லாதவரை இறக்குவது திறனை மலிவாக்கும், அவரையும் ஆபத்தில் தள்ளும் என்பது அதன் சாரம். 2001இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவரான ஜாக் ரோக், சிட்னியில் நடந்தது தமக்குப் பிடிக்கவில்லை என்றே கூறினார். பாதுகாப்பு பற்றிய கவலை நியாயமானது. திறன் பற்றிய வாதமோ, குளமே இல்லாத ஊரில் திறன் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் நகர்ந்துவிடுகிறது.

முசாம்பானி சிட்னியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தொடர்ந்து பயின்று 100 மீட்டர் நேரத்தை ஒரு நிமிடத்துக்குள் கொண்டுவந்தார். விசா சிக்கலால் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அவர் நீந்த முடியவில்லை. அந்த முன்னேற்றத்தை உலகம் பார்க்கவும் இல்லை. 2012இல் தம் நாட்டு நீச்சல் அணிக்குப் பயிற்சியாளரானார்.