கணிப்பும் தீர்ப்பும்

பிறக்கும் வேளையில் பிராணவாயு குன்றிய குழந்தையின் பெற்றோர் கேட்பது ஒன்றே: "டாக்டர், எங்கள் பிள்ளை நடக்குமா, பேசுமா?" இதற்கு உறுதியாக விடை கூற மருத்துவருக்கு உரிமை உண்டா?

1953ஆம் ஆண்டில் வர்ஜீனியா அப்கார் அம்மையார் வெளியிட்ட மதிப்பெண் முறை, உடனே உதவி வேண்டிய குழந்தையைக் கண்டறிவதற்கே ஏற்பட்டது. எதிர்காலத்தைக் கணிப்பதற்கு அன்று. 1976இல் சார்னாட் தம்பதியர் மூளைப் பாதிப்பை மூன்று நிலைகளாக வகுத்தனர். முதல் நிலைக் குழந்தைகளிற் பெரும்பாலோர் நலமாய் வளர்வர். மூன்றாம் நிலையில் மரணமோ கடும் ஊனமோ நேர்வதே மிகுதி. இடைநிலையினரோ எப்பக்கமும் செல்லக்கூடும். பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் உடலைக் குளிர்விக்கும் சிகிச்சை பலரின் போக்கை மாற்றியுள்ளது. மூளை மின்பதிவும் எம்.ஆர்.ஐ. படமும் கணிப்பைக் கூர்மையாக்கின, ஐயத்தை அகற்றிவிடவில்லை.

நூறு குழந்தைகளைப் பற்றிய உண்மை, தொட்டிலிற் கிடக்கும் ஒரு குழந்தையின் தீர்ப்பாகிவிடாது. ஆயினும் ஐயத்தைச் சாக்காக்கி மௌனம் சாதிப்பதும் நேர்மையன்று. சுவாசக் கருவியைத் தொடர்வதா, நிறுத்துவதா என்னும் முடிவு அவ்விடையைச் சார்ந்தே நிற்கிறது. எனவே, அறிந்ததை அறிந்த அளவிற் சொல்ல வேண்டும். அறியாததையும் மறைக்காது சொல்ல வேண்டும்.

பிள்ளை எந்நிலையில் வளரினும் அதனைத் தாங்கும் கடமை சமூகத்துக்கு உண்டு. அக்கடமையினின்று எந்தக் கணிப்பும் நமக்கு விலக்கு அளிக்காது.